மூலைல கிடக்கிற வால்வ் ரேடியோகிராமுக்கு கறண்ட் குடுக்க முதல்

களுவாஞ்சிகுடி வீட்டு ஹோல்ல அம்மப்பாட பெரிய ரேடியோகிராம் (ரேடியோவும் ரெக்கோட் பிளேயரும் ஒரே பெட்டில உள்ளது) ஒண்டு கிடக்கு, 90ம் ஆண்டுப் பிரச்சினையோட நிப்பாட்டினது, அதுக்குப் பிறகு ஒருத்தரும் போடல்ல, இப்ப "ஸ்விட்ச் போட்டுப் பாக்கலாமா, இல்லாட்டி உள்ளுக்க கிடக்கிறத எல்லாம் கழட்டி வீசிட்டு புளுடூத் அம்ப் ஒண்டு வச்சிரவா" எண்டு ஒரு தம்பி கேட்டிருக்கார். வாசிக்க ரெண்டு கேள்வி மாதிரி இருக்கும், ஆனா அவர் உண்மையா கேக்கிறது ஒண்டுதான், இந்தப் பெட்டில இன்னும் உயிர் இருக்கா எண்டு. இருக்கிறதுக்குத்தான் சாத்தியம் கூட. இவ்வளவு வருசமா சும்மா கிடந்ததால பழுதாகிறத விட, நம்ம ஆக்கள் ஆசைப்பட்டு பிளக்கில போட்டுப் பாக்கிற அந்த முதல் ஒரு நிமிசத்தில பழுதாகிற ரேடியோக்கள்தான் கூட. அதனால தம்பி, இத வாசிச்சு முடியுமட்டும் பிளக்கில கை வைக்காதீங்க.

நான் எழுபதுகள்ல கல்முனைல ஒரு ரேடியோ திருத்திற கடைல பழகினவன், வால்வ் எண்ட கண்ணாடிக் குழாய் போட்ட செட் போய் ட்ரான்சிஸ்டர் வந்த காலம் அது, பிறகு டிவி, பிறகு எல்லாம். இப்ப பழைய வால்வ் செட் மட்டும் ஆசைக்குச் செய்றன். தம்பி போட்டிருக்கிற படம் முன்பக்கம் மட்டும்தான், அதில இருந்து ட்ரான்ஸ்போமர் நல்லமா கெட்டதா எண்டு ஒருத்தராலயும் சொல்ல ஏலாது. கீழ எழுதிறதில கறண்ட் பக்கம் முழுக்க நிச்சயமாச் சொல்றது, மர வேலை எனக்குத் தொழில் இல்ல, அதில எனக்குத் தெரிஞ்ச அளவுதான்.

ஏன் போடக்கூடாது எண்டு முதல்ல சொல்றன். வால்வ் செட்டுக்குள்ள வேல செய்றது 200, 250 வோல்ட் டிசி. அத ஒழுங்காக்கிறதுக்கு சார்ஜ் தேக்கி வைக்கிற பெரிய எலக்ட்ரோலிட்டிக் கொண்டென்சர், அலுமினிய டப்பா மாதிரி, ரெண்டு கிடக்கும், சிலதில ஒரே டப்பாக்குள்ள ரெண்டும் இருக்கும். இதுக்குள்ள அலுமினியத் தகட்டில படிஞ்ச மெல்லிய ஒக்சைட் படலம்தான் கறண்ட மறிச்சு வச்சிருக்கிறது. வருசக் கணக்கா வோல்டேஜ் படாம கிடந்தா அந்தப் படலம் தேஞ்சு போயிரும், உள்ளுக்க இருக்கிற ஈரமும் காஞ்சிரும். அந்த நிலைல ஒரேயடியா 250 வோல்ட் குடுத்தா கொண்டென்சர் ஷோர்ட் மாதிரி நிண்டு கறண்ட இழுக்கும், அது சூடாகி வெடிச்சா அதோட போச்சு, வெடிக்காட்டி ஏசிய டிசியாக்கிற ரெக்டிபயர் வால்வ் போகும், அதுக்கு அடுத்து மெயின் ட்ரான்ஸ்போமர். வால்வ் வாங்கலாம், ட்ரான்ஸ்போமர் போனா சுத்தித்தான் எடுக்கணும், ஒழுங்கா சுத்துற ஆள் இப்ப நம்ம பக்கத்தில கிடைக்கிறது கஷ்டம்.

இன்னொரு கேள்விக்கும் மறுமொழி வேணும், வீட்ட அம்மம்மாட்ட கேளுங்க. அந்தப் பெட்டிக்குள்ள எப்பயாவது தண்ணி ஏறினதா? 78 நவம்பர் சூறாவளில ஓடு பறந்து மழ நனைஞ்சது வேற கதை, நல்ல தண்ணி, காஞ்சா அரைவாசிப் பயம் இல்ல. 2004 சுனாமில கடல் தண்ணிக்குள்ள நிண்டது எண்டா ட்ரான்ஸ்போமர் சுத்துக்குள்ள உப்பு இறங்கியிருக்கும், அது காஞ்ச பிறகும் காத்தில இருக்கிற ஈரத்த இழுத்து இழுத்து கம்பிய அரிச்சுக்கொண்டே இருக்கும். அப்பிடியான செட்ட காட்சிக்கு வச்சிருக்கச் சொல்லித்தான் நான் சொல்லுவன். தண்ணி படல்ல, ஹோல்லயே கிடந்தது எண்டா தொடர்ந்து வாசிங்க.

பிளக்க கழட்டி வச்சிட்டு பின்னால கிடக்கிற அட்டைய எடுங்க. வால்வ்ல எழுதிக் கிடக்கிற நம்பர்கள ஒவ்வொண்டா ஒரு கடதாசில எழுதுங்க, எழுத்த விரலால தேய்க்காதீங்க, அழிஞ்சு போயிரும். நம்பர்ட முதல் எழுத்து ஐரோப்பிய செட்கள்ல ஒரு பெரிய தகவல். 'ஈ'ல தொடங்கினா, ஈசிஎச்81, ஈஎஃப்89, ஈஎல்84 இப்பிடி, 6.3 வோல்ட் ஹீட்டர் (வால்வ சூடாக்கிற இழை), அனேகமா மெயின் ட்ரான்ஸ்போமர் உள்ள செட். 'யூ'ல தொடங்கினா, யூசிஎச்81, யூசிஎல்82, யூவை85 மாதிரி, ஹீட்டர் எல்லாம் ஒண்டோட ஒண்டு சீரீஸ்ல 100 மில்லி அம்பியர்ல ஓடும், ட்ரான்ஸ்போமர் இல்லாம மெயின் கறண்ட் நேரா சேசிஸ்ல, அதாவது சாமான் எல்லாம் பூட்டியிருக்கிற தகட்டில, ஏறி நிக்கும். 'டி'ல தொடங்கினா அது பற்றரி செட், கறண்ட் வராத காலத்தில படுவான்கரைப் பக்கம் ஓடினது, 1.4 வோல்ட் இழை, தப்பித் தவறி 6 வோல்ட் குடுத்தாலே எரிஞ்சிரும். 'யூ' செட் எண்டு தெரிஞ்சா, தம்பி, உங்களுக்கு முன்ன பின்ன அனுபவம் இல்லாட்டி அதோட நிப்பாட்டி தெரிஞ்ச ஒருத்தர்ட குடுங்க, இதில எனக்கு சமரசம் இல்ல. 'ஈ' செட் எண்டாலும் நம்பி இருக்க வேணாம், மெயின தனியாப் பிரிக்காத ஓட்டோ ட்ரான்ஸ்போமர் போட்ட சில மொடல்கள்லயும் சேசிஸ்ல மெயின் நிக்கும். மீற்றர ஓம்ல வச்சு, ரேடியோட ஸ்விட்ச ஓன்ல வச்சு, பிளக்கில உள்ள ஒவ்வொரு பின்னுக்கும் சேசிஸ் தகட்டுக்கும் இடையில பாருங்க. நேரா தொடுப்புக் காட்டினா அது லைவ் சேசிஸ்தான், நம்பர் என்ன சொன்னாலும் சரி.

அடுத்தது துப்பரவாக்கிறது. நம்ம ஊர்ல பெட்டிய திறந்தா பல்லி முட்ட, குளவி கட்டின மண்கூடு, கரப்பான் பீச்சல், எலி வச்ச பஞ்சு, இவ்வளவும் இல்லாம ஒரு செட் வந்ததில்ல. மெல்லிய தூரிகையால தட்டி, வக்கூம் கிளீனர் குழாயால இழுத்து எடுங்க, தண்ணித்துணி வேணாம். டியூனிங் கொண்டென்சர்ட தகடுகளுக்கு இடையில ஒரு பல்லி எலும்பு கிடந்தாக் கூட அந்த இடத்தில ஸ்டேசன் கரகரக்கும், டோச் லைட் அடிச்சுப் பாருங்க. டயல் கண்ணாடிய மட்டும் கவனம்: ஊர்ப் பேரும் மீற்றர் கணக்கும் கண்ணாடிட உள்பக்கம் பெயின்ட்ல அடிச்சது, வெளிப்பக்கம் எவ்வளவும் துடைக்கலாம், உள்பக்கத்தில ஈரத்துணி ஒரு தரம் இழுத்தா கொழும்பும் லண்டனும் சேந்து துணில வந்திரும். பிறகு அத எழுத ஏலாது. வால்வ்கள்ட மேல் நுனில வெள்ளி பூசின மாதிரி ஒரு மினுக்கம் இருக்கும், அது பால் வெள்ளையா மாறிக் கிடந்தா உள்ளுக்க காத்துப் புகுந்திட்டு, அந்த வால்வ் முடிஞ்சுது.

இப்ப மீற்றரால கறண்ட் இல்லாமலே ரெண்டு இடம் பாக்கணும். மெயின் ட்ரான்ஸ்போமர்ட பிறைமரில, அதாவது கறண்ட் உள்ள போற சுத்தில, சில பத்து ஓம் காட்டணும், ஒண்டும் காட்டாட்டி சுத்து அறுந்தது, இல்லாட்டி உள்ளுக்க இருக்கிற பியூஸ் போனது, முதல்ல பியூசப் பாருங்க. ஸ்பீக்கருக்குக் குடுக்கிற அவுட்புட் ட்ரான்ஸ்போமர்ட பிறைமரில சில நூறு ஓம் காட்டணும். கடற்கரை வீடுகள்ல எனக்குக் கூட வாற பழுது இதுதான், தலமயிர விட மெல்லிய கம்பி, உப்புக் காத்துப் பட்டு ஒரு இடத்தில பச்சப் புள்ளி விழுந்து அறுந்து போயிருக்கும். ரெண்டும் சரி எண்டா நிம்மதியா மூச்சு விடலாம், மிச்சம் எல்லாம் மாத்தக்கூடிய சாமான்.

மாத்தவேண்டியது எது எண்டதிலதான் கன பேர் பிழை விடுறது. ஒரு ஆள் ஒண்டும் மாத்தமாட்டார், இன்னொராள் கண்ணில பட்டதெல்லாம் மாத்துவார். நான் செய்றது இப்பிடி. எலக்ட்ரோலிட்டிக் ரெண்டையும் மாத்துவன், டப்பாவ அழகுக்கு மேல விட்டுட்டு வயர கழட்டி கீழ புதுசு வைப்பன், 47 மைக்ரோஃபாரட், 450 வோல்ட், 105 டிகிரி. கூடப் போட்டா இரைச்சல் குறையும் எண்டு 100, 220 எண்டு போடாதீங்க, ஈசெட்80, ஈசெட்81 ரெக்டிபயர் வால்வுகளுக்கு முதல் கொண்டென்சர் 50 மைக்ரோஃபாரட்தான் உச்சம், அதுக்கு மேல போனா ஸ்விட்ச் போடக்குள்ள வால்வுக்குள்ள பொறி பறக்கும். ரெக்டிபயர் வால்வே இல்லாம சப்பட்டைத் தகட்டுக் கட்டு மாதிரி ஒண்டு திருகி வச்சிருந்தா அது செலினியம், ஜேர்மன் செட்கள்ல கூட. அது எரிஞ்சா அழுகின மணம் வரும், அந்தப் புகை நஞ்சு, யன்னலத் திறந்துட்டு வெளிய போயிரணும். அதுக்குப் பதிலா சிலிக்கன் டயோட் போடலாம், ஆனா வோல்டேஜ் கூடிரும், பழைய அளவுக்கு இறக்க சீரீஸ்ல ஒரு ரெசிஸ்டர் வேணும், எத்தின ஓம் எண்டு செட்டில அளந்துதான் போடணும்.

பிறகு பேப்பர் கொண்டென்சர்கள், மெழுகு வடிஞ்சதும் கறுப்புத் தார் பூசினதும், அவ்வளவும் மாத்துவன், மீற்றர்ல நல்லதா காட்டினாலும் மாத்துவன், ஏனெண்டா மீற்றர் குடுக்கிறது ஒரு சில வோல்ட், அங்க செட்டுக்குள்ள படுறது 200க்கு மேல, கசிவு அப்பதான் தெரியும். 630 வோல்ட் பொலிப்புறொப்பிலீன் போட்டா போதும். மெயின் வயருக்குக் குறுக்க கிடக்கிற கொண்டென்சருக்கு மட்டும் எக்ஸ்2 எண்டு அடிச்சதுதான் போடணும், லைன்ல இருந்து சேசிஸுக்குப் போறது இருந்தா வை2. மைக்கா, செராமிக் கொண்டென்சர்கள தொடமாட்டன். ரெசிஸ்டர்கள அளந்து பாத்து 20 சதவீதத்துக்கு மேல ஏறினத மட்டும் மாத்துவன். ரப்பர் போட்ட வயர் விரல் பட்டவுடன கொட்டுப்பட்டா அதுகளையும் மாத்தணும். ஒவ்வொண்டா கழட்டி ஒவ்வொண்டா போடுங்க, எல்லாத்தையும் ஒரே நேரத்தில கழட்டிட்டா பிறகு கடவுளுக்கும் தெரியாது எது எங்க இருந்தது எண்டு. ஒவ்வொரு கட்டத்திலயும் போன்ல ஒரு படம் எடுத்து வைங்க, எங்கட காலத்தில இந்த வசதி இருக்கல்ல.

அவ்வளவு கொண்டென்சர்லயும் ஒண்டுக்கு தனி மரியாத குடுக்கணும், ஸ்பீக்கர ஓட்டுற அவுட்புட் வால்வ்ட (அனேகமா ஈஎல்84) கிரிட்டுக்கு, அதாவது சிக்னல் உள்ள போற காலுக்கு, போறது. முன்னால உள்ள வால்வ்ட அனோட்ல கிடக்கிற உயர் டிசிய மறிச்சு, பாட்டுச் சத்தத்த மட்டும் விடுறதுதான் அதிட வேல. அது கொஞ்சம் கசிஞ்சாலே கிரிட்டுக்கு பொசிட்டிவ் ஏறும், ஈஎல்84 அளவுக்கு மீறி கறண்ட் இழுக்கும், பிளேட் (அனோட்) சிவக்கும், அதோட அவுட்புட் ட்ரான்ஸ்போமரும் போயிரும். இதில பயம் என்னண்டா செட் பாடிக்கொண்டே இருக்கும், முதல் பத்து நிமிசம் ஒண்டும் தெரியாது, வீட்டில எல்லாரும் கை தட்டுவாங்க. கைல ஒரே ஒரு புது கொண்டென்சர்தான் இருக்கெண்டா அத இங்க போடுங்க.

எல்லாம் போட்ட பிறகும் நேரா 230ல செருக வேணாம். பழைய முறுக்கு வயர வீசிட்டு புது கேபிளும் சரியான பியூசும் போடுங்க, பின்னால வோல்டேஜ் செலக்டர் 240 அல்லது 245 இருந்தா அதில வைங்க, நம்ம லைன் ராவில ஏறி நிக்கும். 117 வோல்ட் அமெரிக்கன் செட் எண்டா ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் இல்லாம பக்கத்திலயும் போகக்கூடாது. பிறகு சீரீஸ் பல்ப் ஒண்டு செய்ங்க, அதாவது 60 வொட் இழை பல்ப் ஒண்ட லைவ் வயர்ல தொடரா வச்சு அதுக்குப் பிறகு ரேடியோ. எல்ஈடி, சிஎஃப்எல் இதுக்கு சரிவராது, பழைய இழை பல்ப்தான் வேணும், கடைல தேடினா இன்னும் கிடைக்கும். முதல்ல வால்வ் எல்லாத்தையும் கழட்டிட்டுப் போடுங்க, பல்ப் மினுக்கும் மினுக்காது எண்ட அளவில நிக்கணும். நல்லா எரிஞ்சா ட்ரான்ஸ்போமர் ஷோர்ட், நிப்பாட்டுங்க. அரை மணித்தியாலம் விட்டு மணத்தப் பாருங்க, பிளக்க கழட்டிட்டு கை வச்சு சூட்டப் பாருங்க. அது சரி எண்டா வால்வ்கள போட்டு, ஸ்பீக்கர் கட்டாயம் தொடுத்து இருக்கோணும், ஸ்பீக்கர் இல்லாம ஓடவிட்டா அவுட்புட் ட்ரான்ஸ்போமருக்கு ஆபத்து, திரும்பப் போடுங்க. பல்ப் முதல் பளிச்செண்டு எரிஞ்சு, பிறகு மங்கி, வால்வ் சூடேறின உடன கொஞ்சம் ஏறி நிக்கும். முழு வெளிச்சத்தில நிண்டா உள்ளுக்க இன்னும் ஷோர்ட் இருக்கு.

இந்த நேரத்தில மீற்றர்ட கறுப்ப சேசிஸ்ல பிடிச்சு, சிவப்ப ஈஎல்84ட 2ம் காலில வைங்க, அதுதான் கிரிட். பூச்சியம் காட்டணும், சில செட்டில கொஞ்சம் நெகட்டிவ் காட்டும், அதுவும் சரி. பொசிட்டிவா அரை வோல்ட், ஒரு வோல்ட் எண்டு மெல்ல மெல்ல ஏறினா நிப்பாட்டுங்க. புது கொண்டென்சர் போட்ட பிறகும் ஏறுதெண்டா அந்தக் கொண்டென்சர்ட ஒரு காலக் கழட்டிட்டு திரும்ப அளக்கணும். அப்பயும் பொசிட்டிவ் நிண்டா குற்றம் வால்வுக்குள்ளதான், காத்துப் புகுந்த வால்வ். பிறகு பல்ப எடுத்திட்டு நேர மெயின்ல போட்டு 3ம் காலப் பாருங்க, கதோட், 7 வோல்ட் அளவு நிண்டா வால்வ் ஒழுங்கா வேல செய்யுது. அளக்கக்குள்ள ஒரு கை முதுகுக்குப் பின்னால இருக்கட்டும், கால்ல றப்பர் செருப்பு. ட்ரிப் ஸ்விட்ச் இருக்குத்தானே எண்டு நினைக்காதீங்க, ட்ரான்ஸ்போமருக்கு அங்கால உள்ள 250 வோல்ட்ல அடிச்சா ட்ரிப் ஸ்விட்சுக்கு தெரியவே தெரியாது. பிளக்க கழட்டின பிறகும் கொண்டென்சர்ல சார்ஜ் நிக்கும், 10 கிலோ ஓம் 5 வொட் ரெசிஸ்டர் ஒண்ட வயர்ல கட்டி இறக்கிட்டுத்தான் கை வைக்கணும்.

பாடத் தொடங்கினா சத்தம் கரகரக்கும், ஸ்டேசன் வந்து வந்து போகும், அது பாண்ட் ஸ்விட்சும் வொல்யூமும்தான், எலக்ட்ரோனிக் கொண்டாக்ட் கிளீனர் ரெண்டு சொட்டு விட்டு முன்ன பின்ன திருப்புங்க. டபிள்யூடி-40 அடிக்காதீங்க, ஸ்விட்ச்ட அட்டைல ஊறி நிண்டு கசியும். அலுமினியப் பெட்டிக்குள்ள இருக்கிற, ஸ்டேசனப் பிரிச்சு எடுக்கிற ஐஎஃப் கொயில்ட திருகாணியில ஒருநாளும் கை வைக்காதீங்க, ஸ்குறூ ட்ரைவரக் கண்டாலே ஆக்களுக்கு அத திருகோணும் எண்டு வருது. ஃபக்டரில வச்ச அளவு அனேகமா இன்னும் அப்பிடியே நிக்கும், சிக்னல் ஜெனரேட்டர் இல்லாம அதத் திருப்பினா செட் செவிடாப் போயிரும்.

ரெக்கோட் பிளேயர் பக்கம் கொஞ்சம் மனசத் தயார்படுத்துங்க. அந்தக் காலத்து கிறிஸ்டல் கார்ட்றிஜ் (ஊசி பூட்டிற தலை) ரொச்சல் சோல்ட் எண்ட உப்புக் கட்டியால செய்தது, நம்ம ஊர் ஈரப்பதனுக்கும் சூட்டுக்கும் அது தாக்குப்பிடிக்காது, பொதுவா கரைஞ்சு போயிருக்கும். பாட்டு வராட்டி வால்வ்கள சந்தேகப்பட முதல் அதப் பாருங்க, செராமிக் கார்ட்றிஜ் போட்டா வேல செய்யும். தட்டச் சுத்துற றப்பர் சில்லு கல்லாகியிருக்கும், மோட்டருக்கு ரெண்டு சொட்டு ஒயில். மரப் பெட்டில வினியர் மில்லிமீற்றருக்கும் குறைவான தடிப்பு, சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்ச்சா அடி மரம் வந்திரும், கறையான் பிடிச்சிருந்தா நல்ல ஓடாவி ஒராளுக்கு காட்டுங்க, அதுக்கு மேல சொல்ல எனக்கு அனுபவம் காணாது.

புளுடூத் ஆச தப்பில்ல, அதுக்காக உள்ளுக்க இருக்கிறத கழட்டத் தேவையில்ல. பின்னால பிக்அப் எண்டு, இல்லாட்டி ரெக்கோட் தட்டுப் படம் போட்டு ஒரு சொக்கட் இருக்கும். சின்ன புளுடூத் ரிசீவர்ட இடது வலது ரெண்டையும் ஆளுக்கொரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரால சேத்து அதுக்குள்ள குடுத்தா, போன்ல இருந்து வாற பாட்டு ஈஎல்84 வழியா பெரிய ஸ்பீக்கர்ல வரும், ஒரு கம்பி வெட்டத் தேவையில்ல. லைவ் சேசிஸ் செட்டில மட்டும் இதச் செய்யவே கூடாது, போன் வயர்ல மெயின் வந்து நிக்கும்.

எதிர்பாப்பும் கொஞ்சம் சொல்லி வைக்கணும். அம்மம்மா கேட்ட ஸ்டேசன் எல்லாம் இப்ப வராது, பிபிசி தமிழோசை 2017 ஏப்ரல் 30ஓட நிண்டுட்டு, இலங்கை வானொலி சேவைகள் அனேகமா எஃப்எம்முக்குப் போயிட்டு. எஃப்எம் உள்ள செட் எண்டாலும் பழைய ஜேர்மன் செட்கள்ல கன மொடல் 100 மெகாஹேர்ட்ஸோட முடியும், அதுக்கு மேல உள்ள ஸ்டேசன் கிடைக்காது, அது செட்ட பழுது இல்ல. மீடியம் வேவ் ராவில போட்டுத் தேடுங்க, புத்தளத்தில இருந்து வாற 882 கிலோஹேர்ட்ஸ், திருச்சி 936, தூத்துக்குடி 1053. டயல்ல மீற்றர் போட்டிருந்தா 882 எண்டது 340 மீற்றர் பக்கம், 936 எண்டது 320. வளவுக்குள்ள தென்னைக்குத் தென்னை ஒரு 10 மீற்றர் வயர் இழுத்து ஏரியல்ல குடுங்க, எர்த்தும் குடுங்க. வீட்டில உள்ள எல்ஈடி பல்ப், போன் சார்ஜர் எல்லாம் நிப்பாட்டிட்டுக் கேட்டா பாதி இரைச்சல் போயிரும்.

சாமான் மட்டக்களப்பு டவுன்ல எல்லாம் எடுக்க ஏலாது, கொண்டென்சர் ரெசிஸ்டர் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில தேடலாம். ஈஎல்84, ஈசிசி83 ரெண்டும் கிட்டார் அம்ப் புண்ணியத்தில ஸ்லோவாக்கியாவில இண்டைக்கும் புதுசா செய்றாங்க, ஈசிஎச்81 மாதிரி மற்ற வால்வ் எல்லாம் பழைய ஸ்டொக்தான், ஒன்லைன்ல வரும். ஸ்டேசன் சரியா பிடிச்சதப் பச்ச வெளிச்சத்தில காட்டுற மெஜிக் ஐ மங்கிப் போயிருந்தா அவசரப்பட்டு மாத்தாதீங்க, அதுதான் விலை கூட, அது இல்லாமலும் செட் பாடும். தம்பி இப்ப செய்யவேண்டியது பின் அட்டைய கழட்டி, வால்வ் நம்பர்களும் வோல்டேஜ் செலக்டர்ட படமும், சேசிஸ்ட அடிப்பக்கப் படம் ஒண்டும் இதுக்குக் கீழ போடுறதுதான். எந்தக் கொண்டென்சர் கிரிட்டுக்குப் போறது எண்டு படத்தில வட்டம் போட்டுத் தாறன்.